பக்கத்து ஃபேக்டரியில் பிறந்த ஹெரால்டு... அதற்கு எந்த எஞ்சின் பொருந்தும்?

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே வந்தால் இரும்புலியூர். மதுரவாயல் பைபாஸ் பிரிகிற இடம். கிளாம்பாக்கம் போகும் பஸ்கள், பைபாஸிலிருந்து இறங்கும் லாரிகள், ஊருக்குக் கிளம்பிய கார்கள் எல்லாம் இங்கே ஒன்றாகச் சேரும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

இன்னும் சில கிலோமீட்டர் போனால் பெருங்களத்தூர். சாலையோரம் கண்ணாடிக் கட்டடங்களாக ஐ.டி. பூங்கா நிற்கிறது. கழுத்தில் அடையாள அட்டையோடு உள்ளே போகிற இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, அந்த மண்ணில் ஒருகாலத்தில் கார் செய்தார்கள். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. அக்கம்பக்கத்தார் வாயில் 'ஸ்டாண்டர்டு ஃபேக்டரி'. 1948ல் தொடங்கிய கம்பெனி. வேன்கார்டு, ஸ்டாண்டர்டு 8, ஸ்டாண்டர்டு 10 என்று வரிசையாக வந்து, 1961ல் வந்தது ஹெரால்டு.

அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. அந்தக் காலத்தில் கார் வாங்க நினைத்தவர்களுக்கு இந்த மூன்றுதான். அம்பாசடர் தாத்தா மாதிரி, ஃபியட் ஆபீஸர் மாதிரி என்றால், ஹெரால்டு கல்லூரிக்குப் போகிற பிள்ளை மாதிரி. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலாட்டி வரைந்த உருவம். முன்பக்கம் முழுவதும், மட்கார்டு, ஹெட்லைட் உட்பட, ஒரே துண்டாக முன்னால் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். சின்னத் தெருவிலும் ஒரே திருப்பில் திரும்பிவிடும். இங்கிலாந்தில் இரண்டு கதவோடு வந்த வண்டிக்கு, நம் குடும்பங்களை மனதில் வைத்து 1960களின் கடைசியில் இங்கே நான்கு கதவு போட்டார்கள். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே பிறந்த குழந்தை. 1972ல் அதுவே கொஞ்சம் உருமாறி 'கேசல்' என்று வந்து, 1977 வரை ஓடியது.

அப்படி ஒரு ஹெரால்டு இரும்புலியூர் வீடு ஒன்றின் போர்டிகோவில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா வாங்கியது. அப்பா ஓட்டக் கற்றுக்கொண்டது. கடைசியாக ஓடியபோது நீலப் புகை தள்ளியது, ஆயில் குடித்தது, மேம்பாலம் ஏறும்போது இரண்டாவது கியருக்கு இறங்கியது. இப்போது பிள்ளை வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறான். அவனுக்கு ஆசை வந்துவிட்டது.

"அப்பா, ஜிப்ஸி எஞ்சின் போட்டுடலாம்பா. பிச்சுக்கிட்டுப் போகும்."

"பிச்சுக்கிட்டுப் போனா, நிறுத்துறது யாருடா?"

பழைய சின்னக் காருக்குப் புது எஞ்சின் தேடும் எல்லா வீட்டிலும் நடக்கவேண்டிய உரையாடல் இது. பெரும்பாலும் அப்பாவின் கேள்வி கடைசியில்தான் கேட்கப்படும், அதற்குள் செலவு செய்தாகிவிட்டிருக்கும்.

பின்னாலிருந்து பாருங்கள்

ஹெரால்டின் சொந்த எஞ்சின் 948 சிசி, நான்கு சிலிண்டர். சுமார் 35 குதிரைத்திறன். இன்றைய பைக் ஒன்றே அதைவிட அதிகம் தருகிறது என்று சிரிக்கலாம். ஆனால் அந்த 35ஐ மனதில் வைத்துத்தான் கிளட்ச், கியர்பாக்ஸ், பின்னால் இருக்கும் கிரவுன் வீல், ஆக்ஸில், நான்கு சக்கரத்திலும் உள்ள டிரம் பிரேக் எல்லாவற்றையும் செய்தார்கள். எஞ்சினை மட்டும் இரட்டிப்பாக்கினால், மீதி எல்லாம் பழைய சம்பளத்துக்கு இரட்டை வேலை பார்க்கவேண்டும்.

ஆகவே எஞ்சின் தேடும்போது பானெட்டைத் திறப்பதற்கு முன்னால், வண்டியின் பின்பக்கம் குனிந்து பார்ப்பதே சரி. முதல் வடிகட்டல் அங்கேதான். ஹெரால்டு பின்சக்கரத்தால் ஓடுகிற வண்டி. எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்து, அதன் பின்னால் கியர்பாக்ஸ், அதிலிருந்து புரொப்பல்லர் ஷாஃப்ட், பிறகு ஹவுசிங். மாருதி 800, ஆல்டோ, ஜென், சான்ட்ரோ எல்லாம் இதற்கு நேர்மாறு. எஞ்சினும் கியர்பாக்ஸும் குறுக்குவாக்கில் கிடந்து, முன்சக்கரங்களையே சுழற்றும். புதுப்பேட்டையில் ஆல்டோ எஞ்சின் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று தூக்கிவந்தால், அதன் கியர்பாக்ஸை ஹெரால்டில் எங்கே வைப்பது என்றே தெரியாமல் விழிக்கவேண்டியதுதான்.

இந்த ஒரு சல்லடையிலேயே நம்மூர்ச் சின்ன கார்களில் பத்துக்கு எட்டு உதிர்ந்துவிடும். மிஞ்சுவது கொஞ்சம்தான்.

மாருதி ஆம்னி. 796 சிசி, மூன்று சிலிண்டர், பின்சக்கர ஓட்டம். திறனும் ஹெரால்டின் பழைய எஞ்சினுக்குக் கிட்டத்தட்ட சமம். அதனால் பின்பக்கத்துக்குப் பாரமில்லை. உதிரிபாகம் மூலைக்கு மூலை கிடைக்கும். ஆனால் அது வேனில் முன்சீட்டுக்கு அடியில் வாழ்ந்த எஞ்சின். கியர் லிங்கேஜ், ஆயில் சம்ப், சைலன்சர் பைப் எல்லாம் அந்த இடத்துக்காக வளைக்கப்பட்டவை. ஹெரால்டில் உட்காரவைக்க நிறைய வெட்டி ஒட்டவேண்டும். குறைந்த வேகத்தில் இழுவையும் பழைய நான்கு சிலிண்டரைவிடச் சற்றுக் குறைவு. இவ்வளவு செலவு செய்து, வண்டி முன்பைவிட மெதுவாக மேம்பாலம் ஏறினால் வீட்டில் பேச்சு வாங்கவேண்டியிருக்கும்.

பிள்ளை ஆசைப்படும் ஜிப்ஸி. இதுதான் பலரும் கண்வைக்கும் எஞ்சின், காரணம் இருக்கிறது. 1298 சிசி, அலுமினிய பிளாக், அதனால் எடை குறைவு. கார்பரேட்டர் வைத்த பழைய ஜிப்ஸி கிங் சுமார் 60 குதிரைத்திறன், பின்னால் வந்த எம்.பி.எஃப்.ஐ. 80. இதில் மெக்கானிக்குகள் ரசிக்கிற ஒரு விஷயம் உண்டு. ஜிப்ஸி நான்கு சக்கர ஓட்டம் கொண்ட வண்டிதான். ஆனால் சக்தியை முன்னும் பின்னும் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக, ஒரு குட்டி ஷாஃப்டுக்கு அப்பால் இருக்கிறது. அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டால், ஐந்து கியர் கொண்ட அருமையான பின்சக்கர கியர்பாக்ஸ் கையில் இருக்கும். ஐந்தாவது கியர் என்பது ஹெரால்டு கனவிலும் காணாத சுகம். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு வரை நிம்மதியாக, அலறாமல் போகலாம்.

சிக்கல், அப்பா கேட்ட கேள்வியில் இருக்கிறது. இழுவிசை பழையதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சின்ன வண்டியின் கிரவுன் வீலும் பினியனும் அதை எத்தனை நாள் தாங்கும்? அதைவிடப் பெரிது, ஹெரால்டின் பின் ஆக்ஸில். 'ஸ்விங் ஆக்ஸில்' என்பார்கள். நடுவில் மடங்கும் கை மாதிரி, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக மேலும் கீழும் அசையும். மேடுபள்ளச் சாலையில் சுகம்தான். ஆனால் வேகமாக வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடிந்து, வண்டியின் பின்பக்கம் திடீரென்று விலகும். 35 குதிரையில் அந்த வேகத்தைத் தொடவே சிரமம். 60ல் சுலபம். கேசலில் இந்தத் தொல்லை கிடையாது. அதில் பின்னால் முழு ஆக்ஸில் கொடுத்துவிட்டார்கள். எனவே ஜிப்ஸி எஞ்சின் என்ற யோசனை, கேசல் வைத்திருப்பவருக்கு ஓரளவு நியாயம், பழைய ஹெரால்டு வைத்திருப்பவருக்கு ஆபத்து. இரண்டு பேருமே முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போடாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது.

ஈக்கோ வேனின் எஞ்சினும் பின்சக்கர ஓட்டம்தான். வண்டி இன்னும் தயாரிப்பில் இருப்பதால் பாகத்துக்குக் கவலையில்லை. ஆனால் கம்ப்யூட்டர், சென்சார், ஒயரிங் என்று ஒரு மூட்டையே கூட வரும். பெட்ரோல் டேங்கில் எலெக்ட்ரிக் பம்ப், திரும்பிவரும் குழாய் என்று வேலை நீளும். வழியில் நின்றால் இரும்புலியூர் மரத்தடி மெக்கானிக்கால் ஒன்றும் செய்யமுடியாது.

அதிகம் பேசப்படாத இன்னொன்று பிரீமியர் 118 என்.இ. 1985ல் வந்த அந்தக் காரின் உடம்பு ஐரோப்பிய ஃபியட்டுடையது, உள்ளே இருந்தது ஜப்பானின் நிசான் ஏ12. 1171 சிசி, 52 குதிரைத்திறன், பின்சக்கர ஓட்டம். இந்த ஏ12 குடும்பத்து எஞ்சினுக்கு உலகமெங்கும் ரசிகர்கள் உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நம் பக்கத்து இலங்கை என்று பல ஊர்களில் மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் நிசான் எஞ்சின் போட்டு நிம்மதியாக ஓட்டுகிறார்கள். பழைய 948க்கு ரொம்பவும் மேலே போகாமல், ஆனால் மூச்சு வாங்காமல் ஓடுகிற அளவு. ஹெரால்டின் குணத்துக்குப் பொருத்தம் என்று பார்த்தால் இதுதான் முன்னால் நிற்கிறது. என்ன, அந்தக் காரே நின்று பல வருடமாகிவிட்டதால் நல்ல எஞ்சின் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

பக்கத்திலேயே ஒரு பாடம்

உடம்புக்கும் எஞ்சினுக்கும் பொருத்தம் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேடவேண்டாம். ஸ்டாண்டர்டு ஃபேக்டரியின் கடைசிக் கதையே அதுதான்.

1985ல் அங்கிருந்து 'ஸ்டாண்டர்டு 2000' வந்தது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடம்பு. 1977ல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய அழகி. அங்கே அதற்குள் 3.5 லிட்டர் வி8 எஞ்சின் இருந்தது. இங்கே போட்டது என்ன தெரியுமா? 1940களில் வேன்கார்டு காருக்காகப் பிறந்த பழைய எஞ்சினின் வாரிசு. 1991 சிசி, 83 குதிரைத்திறன். அந்தக் கனமான உடம்பை இழுக்க அது திணறியது. விலையோ இரண்டு லட்சத்துக்கு மேல். 1983 டிசம்பரில் மாருதி 800 வெளியானபோது விலை ஐம்பதாயிரத்தை ஒட்டித்தான் இருந்தது என்பதை நினைவில் வைத்தால் அந்த இரண்டு லட்சத்தின் கனம் புரியும். மைலேஜ் விஷயத்திலும் சர்ச்சை கிளம்பியது. 1988ல் தயாரிப்பு நின்றது. உள்ளே குவிந்துகிடந்த புத்தம் புது எஸ்.டி.1 உதிரிபாகங்களைப் பல வருடம் கழித்து இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற பழைய கார் பாக வியாபாரிகள் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த ஊர் வண்டிக்காகப் பெருங்களத்தூரில் காத்துக்கிடந்த பாகங்கள், கடைசியில் அந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தன.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸா காரை முதலில் அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினோடு விற்றது. பெரிய உடம்பு, சின்ன மூச்சு. சில வருடங்களில் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினைப் போட்டபிறகுதான் கான்டெஸாவுக்கு மவுசு வந்தது. 1990களின் தொடக்கத்தில் அதே இசுசு எஞ்சின், ஐந்து கியர் பாக்ஸோடு அம்பாசடருக்கும் வந்தது. அந்த இசுசு அம்பாசடரை ஒருமுறை ஓட்டிய டிரைவர்கள் பழையதைத் தொட மனசில்லாமல் போனார்கள். ஆனால் அங்கே மாற்றியது கம்பெனி. சோதித்துப் பார்க்க ஆளும் இடமும் இருந்தன. வீட்டு போர்டிகோவில் அது கிடையாது.

ஆர்.சி. புக் என்ன சொல்கிறது?

எஞ்சின் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் தாம்பரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பொருந்தவில்லை என்றால் வண்டி போர்டிகோவோடு சரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. வேறு எரிபொருளுக்கோ பேட்டரிக்கோ அங்கீகரிக்கப்பட்ட கிட் மூலம் மாறுவதற்குத்தான் சட்டம் வழி விட்டிருக்கிறது. எனவே எஞ்சினில் கைவைக்கும் முன்பே ஆர்.டி.ஓ.வின் எழுத்து அனுமதி வேண்டும். மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து, புது எஞ்சின் நம்பரை ஆர்.சி.யில் பதிய வேண்டும். அதே வகை எஞ்சின் என்றால் பேச இடமுண்டு. வேறு கம்பெனி, வேறு சிசி என்றால் கதவு மிகக் குறுகல். 'யார் பார்க்கப் போகிறார்கள்' என்று போட்டுவிட்டு, ஒரு விபத்து நடந்து, ஆர்.சி.யில் ஒரு நம்பரும் எஞ்சினில் ஒரு நம்பருமாக இன்சூரன்ஸ்காரர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். புதுப்பேட்டையில் வாங்கும் எஞ்சினுக்கு பில்லும், அது கழற்றப்பட்ட வண்டியின் காகிதமும் கட்டாயம் கேட்டு வாங்கவேண்டும். இல்லாவிட்டால் யாரோ தொலைத்த வண்டியின் எஞ்சின் உங்கள் வீட்டில் இருக்கும்.

இன்னொரு முக்கியமான கணக்கு. 2021 ஜூலையில் மத்திய அரசு 'வின்டேஜ்' வாகன விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு, 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர். எல்லா ஹெரால்டும், முதல் வருடங்களில் வந்த கேசலும் இப்போது அந்த வயதைத் தாண்டியாயிற்று. ஆனால் நிபந்தனை, சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் அசல் வடிவில் இருக்கவேண்டும். ஜிப்ஸி எஞ்சின் ஏறிய அன்றே அந்த வாய்ப்பு போய்விடும். வின்டேஜ் பதிவில் தினமும் ஆபீஸ் போக முடியாது, கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம் என்பதும் உண்மை. ஹெரால்டில் தினமும் ஆபீஸ் போகிறவர் யார் என்பது வேறு விஷயம்.

பழையதே புதுசாக

இவ்வளவையும் கூட்டிக் கழித்தால், ஓடாத எஞ்சின் உள்ளே முழுதாக இருக்கும்வரை அதைப் புதுப்பிப்பதே முதல் வழி. 948 எஞ்சின் சாதாரணமானது, எளிமையானது. 1953ல் ஸ்டாண்டர்டு 8க்காக 803 சிசியில் தொடங்கிய அதே குடும்பம், இங்கிலாந்தில் 1147, 1296, 1493 சிசி என்று வளர்ந்து 1980 வரை ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரில் ஓடியது. அதனால் அங்கே இன்றும் அந்தக் குடும்பத்து எஞ்சின்களுக்குப் பாகங்கள் விற்கிறார்கள், தபாலில் வரவழைக்க முடியும். சிலிண்டர் ரீபோர், கிராங்க் கிரைண்டிங் போன்றவை சென்னை லேத்துப் பட்டறைகளுக்குப் பழகிய வேலை.

புதுப்பிக்கும்போதே இந்தக் காலத்துக்கு ஏற்ற சில மாற்றங்களைச் செய்துகொள்ளலாம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000லேயே போய்விட்டது. பழைய ஹெட்டின் வால்வு சீட்டுகள் அந்த ஈயத்தை நம்பியவை. எனவே ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான சீட்டுகளைப் பொருத்திவிட வேண்டும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய், பம்ப் டயாஃப்ரம், கார்பரேட்டர் வாஷர் எல்லாம் அதில் ஊறிக் கெடும். எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றவேண்டும். பிளாட்டினம் பாயின்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு எலெக்ட்ரிக் ஃபேன். இரும்புலியூர் சிக்னலில் மே மாத மதியம் நின்றுபார்த்தவர்களுக்கு அந்த ஃபேனின் அருமை தெரியும். வண்டியின் பழைய ஒயரிங் பாசிட்டிவ் எர்த்தாக இருந்தால் ஆல்டர்னேட்டர் போடும் முன் அதையும் மாற்றவேண்டும், மறந்தால் முதல் சாவித் திருப்பிலேயே புகை வரும்.

எஞ்சினே தொலைந்துபோன, அல்லது பிளாக்கே பிளந்துபோன வண்டி என்றால் கதை வேறு. அப்போதும் முதலில் இன்னொரு 948, இல்லாவிட்டால் அனுமதி கிடைத்தால் 118 என்.இ., பின் ஆக்ஸிலும் பிரேக்கும் சரிசெய்யத் தயாராக இருந்தால் கார்பரேட்டர் ஜிப்ஸி. இந்த வரிசையைத் தலைகீழாகத் தொடங்குகிறவர்கள்தான் பாதி வெட்டிய சேஸிஸோடு வண்டியை எடைக்குப் போடுகிறார்கள். எது ஏறினாலும், இறக்கிய பழைய எஞ்சினை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, மாடிப்படிக்கு அடியில் வைத்துவிடுங்கள். மவுன்டிங்கை வெட்டாமல் செய்தால், பேரன் காலத்தில் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

பட்டறைக்குப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. இந்த எஞ்சின் குடும்பத்துக்கே ஒரு பலவீனம் உண்டு. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கிற சின்ன அரைவட்டத் தகடுகள், த்ரஸ்ட் வாஷர்கள், தேய்ந்து சம்ப்புக்குள் விழுந்துவிடும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும், அதன்பிறகு புதுப்பிக்க ஒன்றும் மிஞ்சாது. தெரிந்துகொள்ள இரண்டு பேர் போதும். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை. அப்பா உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதித்து மிதித்து விடவேண்டும். பிள்ளை முன்னால் குனிந்து, கிராங்க் புல்லியைப் பார்க்கவேண்டும்.

"அசையுதாடா?"

கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் புல்லி முன்னும் பின்னும் ஆடினால், சம்ப்பைக் கழற்றும்வரை வண்டியை இம்மியும் ஓட்டக் கூடாது. ஆடாமல் நின்றால், பழைய எஞ்சினுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. புதுப்பேட்டை பஸ்ஸைப் பிடிக்க அவசரமில்லை.